கல்பனா என்ன வேலை செய்தவ?

அக்காவின் மகள் வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் பிரிஸ்டல் போட்டை விரித்துப் பாடசாலைக் கண்காட்சிக்காகக் கல்பனா சாவ்லா பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். பாதி போட்டில் 2003 பெப்ரவரி 1, கொலம்பியா விண்ணோடம் சிதறிய கதை. மீதியில் ஒரு படம், பிறந்த ஊர் கர்னால்.

"அவ என்ன வேலை செய்தவ?" என்று கேட்டேன். "விண்வெளிக்குப் போனவ" என்றாள்.

எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. நாம் எல்லோரும் கல்பனாவை அந்தக் கடைசி நாளாகத்தான் வைத்திருக்கிறோம். சண்டிகரில் வானூர்திப் பொறியியல் படித்து, 1988இல் கொலராடோவில் கலாநிதிப் பட்டம் பெற்று, செங்குத்தாக எழும்பும் விமானங்களைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று நாசாவில் கணினியில் கணித்துக்கொண்டிருந்த பொறியியலாளர் அவர்.

1997 நவம்பரில் முதற்பயணம். சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் செய்மதியை இயந்திரக் கையால் வெளியே விட்டது கல்பனா. அது செய்யவேண்டிய முதல் அசைவைச் செய்யவில்லை. திரும்பப் பிடிக்கப் பார்த்தார். பிடி சரியாக விழவில்லை, செய்மதி சுழலத் தொடங்கிவிட்டது. மூன்று நாள் கழித்து வின்ஸ்டன் ஸ்கொட்டும் தக்காவோ டோயியும் வெளியே போய்க் கையாலேயே பிடித்தார்கள். பழி கல்பனா பக்கம் திரும்பியது. பிறகு நாசா ஆராய்ந்தபோது, மென்பொருள் இடைமுகப் பிழைகளும், குழுவுக்கும் தரைக் கட்டுப்பாட்டுக்கும் வகுத்திருந்த நடைமுறைகளுமே காரணம் என்று தெரிந்தது. அவர்மேல் குற்றமில்லை.

இது எனக்கு வெறும் செய்தி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொழும்பில் ஒரு கட்டட சைட்டில், கொங்கிறீட்டின் பலம் பார்க்க வார்த்து வைத்த கட்டிகளை 28ஆம் நாள் நசுக்கிப் பார்க்கும் கியூப் டெஸ்டில் பலம் குறைவாக வந்தது. கொங்கிறீட் போட்ட அன்று நின்றது நான். "பொம்பிளைப் பிள்ளையை விட்டால் இப்படித்தான்" என்று என் காதுபடவே சொன்னார்கள். இரண்டு கிழமை கழித்துத் தூணிலேயே துளையிட்டு ஒரு துண்டு கொங்கிறீட்டை எடுத்துப் பார்த்தால், நல்ல பலம். கியூப்களைத் தண்ணீர்த் தொட்டியில் போடாமல் வெயிலில் விட்டிருக்கிறார்கள். ஒருவரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

அதனால்தான் கல்பனாவின் இரண்டாவது பயணத்தை, அந்தக் கடைசிப் பயணத்தை, நான் பெரிதாக நினைக்கிறேன். பழி சுமந்த பெண்ணிடம், விசாரித்து முடித்தபின், மறுபடியும் பொறுப்பைக் கொடுத்தார்கள். 16 நாள், ஏறத்தாழ 80 பரிசோதனைகள்.

"சித்தி, அப்ப அவ பிழை விடேல்லையோ?"

"இல்லையடி."

இரவு பத்து மணிக்குப் போட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்த இயந்திரக் கையைப் பென்சிலால் கீறத் தொடங்கினாள்.