பழத்தை அமுக்காதீர்கள்

கடையில் தொங்கும் வாழைப்பழத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பார்க்கும் உரிமையை யார் யாருக்கு வழங்கினார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். திருவட்டாற்றிலிருந்து குலசேகரம் போகும் சாலையில் எங்கள் விளைக்கு (தோட்டத்துக்கு) முன்னால் ஓலைச் சாய்ப்பு போட்டு, விளைந்ததை நாங்களே விற்கிறோம். ஓணம் வரைக்கும் ஏத்தங்குலைக்கு, அதாவது நேந்திரங்குலைக்கு, இருந்த கிராக்கி ஓணம் முடிந்ததும் இறங்கிவிடும். ஆவணி கடைசியிலும் புரட்டாசியிலும் எங்களைப் போன்ற சிறு விவசாயிக்கு மட்டி, செந்துளுவன் என்ற செவ்வாழை ஆகிய வாழைகளும் மரச்சீனி என்ற மரவள்ளிக்கிழங்கும்தான் கைகொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் இவர்கள் விரல்களோடு வந்து இறங்குகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காரில் வந்த ஒருவர், நன்கு பழுத்த மட்டிக் குலையின் முன்னால் நின்று, "இதுதானே புவிசார் குறியீடு கிடைத்த பழம்?" என்று கேட்டார். ஆமாம், கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் அது கிடைத்தது என்று மகிழ்ச்சியோடு சொல்லத் தொடங்கினேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மேல் சீப்பின் முதல் பழத்தை அமுக்கினார். "இன்றைக்கே சாப்பிடலாம் சார், பழுத்துவிட்டது" என்றேன். காதில் வாங்காமல் அடுத்ததை அமுக்கினார். அந்தச் சீப்பு முடிந்ததும் கீழ்ச் சீப்புக்கு வந்தார். பிறகு அவருடைய மனைவி இறங்கி வந்து, கணவர் அமுக்கிய அதே பழங்களை அதே வரிசையில் மறுபடி அமுக்கினார். அதற்குப் பிறகு கணவர் யாரையோ செல்பேசியில் அழைத்து, "மட்டி இருக்கு, வாங்கவா?" என்று கேட்டுக்கொண்டே, மறுமுனையில் இருப்பவரின் சார்பாகவும் அமுக்கினார். மருந்து போட்டதா என்றார், இல்லை என்றேன். அப்படியென்றால் தோலில் ஏன் கரும்புள்ளி இருக்கிறது என்றார். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னார். கடைசியில் குலையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, பழம் கொஞ்சம் கொழகொழன்னு இருக்கே" என்றார். குழையாமல் என்ன செய்யும்? கால் மணி நேரமாக ஒரு குடும்பமே அதைப் பிசைந்துகொண்டிருக்கிறது!

அமுக்கியவருக்கு ஒன்றும் தெரிவதில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். விரல் பட்ட இடம் உடனே கறுப்பதில்லை. தோலுக்கடியில் திசு நசுங்கி, உள்ளே தனித்தனியாக இருந்த சாறும் நொதியும் ஒன்றுகலந்து, காற்றும் பட்டு, சில மணி நேரம் கழித்துத்தான் அந்த இடம் கன்றிக் கறுக்கும். அதற்குள் கார் நாகர்கோவில் போய்ச் சேர்ந்திருக்கும். காயம்பட்ட பழம் எத்திலீன் வாயுவையும் கூடுதலாக வெளிவிடுவதால், யார் விரலும் படாத பக்கத்துப் பழங்களும் சேர்ந்து முந்திப் பழுத்துவிடுகின்றன. மறுநாள் காலையில் வருகிறவர் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு, அழுகலை விற்பதாக என்னைத்தான் பேசுவார். மட்டியின் தோலோ மெல்லியது. இங்கே கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் அது. அதைக் கல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் சோதிக்கிறார்கள்.

ஒரு வாழை ஒரு குலைதான் தரும், அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. ஏறக்குறைய ஓராண்டு அதற்கு உரம் வைத்து, களை பறித்து, ஊன்று கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் இந்த மாவட்டத்து வாழைகளைத் தரையோடு சாய்த்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், அதற்குப் பிறகு பலத்த காற்று வீசும் எந்த இரவிலும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. புயலுக்குத் தப்பி, பன்றிக்குத் தப்பி, வாடல் நோய்க்குத் தப்பி முற்றிய குலை, எங்கள் கடை வாசலில் ஒருவருடைய பெருவிரலால் பாழாவதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வேன்?

கரும்புள்ளி வேண்டாம் என்கிறவர்கள், நகரத்துப் பெரிய கடையில் அடுக்கியிருக்கும் ஒரே மஞ்சள் நிறப் பழத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அறையில் எத்திலீன் வாயு செலுத்தி ஒரே சீராகப் பழுக்க வைத்தால் அந்த நிறம் வரும். சட்டமும் அதை அனுமதிக்கிறது. தடை செய்யப்பட்டது கார்பைடு கல்தான். எங்கள் பழம் குலையிலேயே மெல்ல மெல்லப் பழுக்கிறது. ஒரு சீப்பு மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும்தான் இருக்கும். மருந்தும் கூடாது, புள்ளியும் கூடாது, விலையும் கூடாது என்றால் அப்படிப்பட்ட வாழையை நான் எந்த ஊரில் போய் நடுவது?

பழுத்ததா என்று அறிய அமுக்க வேண்டியதே இல்லை. காயின் விளிம்பு மழுங்கி உருண்டிருக்கிறதா, காம்புப் பக்கத்துப் பச்சை மறைந்துவிட்டதா, கிட்டப் போனால் மணக்கிறதா என்று பார்த்தால் போதும். அதுவும் வேண்டாம், என்னிடம் கேளுங்கள். இன்று சாப்பிடவா, மூன்று நாள் கழித்தா, ஊருக்குக் கொண்டுபோகவா என்று சொன்னால் அதற்கேற்ற சீப்பை நானே அறுத்துத் தருகிறேன். நட்டவனைவிட உங்கள் விரலுக்கு அதிகம் தெரிந்துவிடுமா?

அந்த மனிதர் கடைசியில் ஒரு சீப்பு வாங்கத்தான் செய்தார். தான் தொடாத, குலையின் பின்பக்கத்துச் சீப்புதான் வேண்டும் என்றார், நசுங்கியதெல்லாம் எனக்கு. அதையும் பொறுத்துக்கொண்டு, தாளில் சுற்றி வாழைநாரால் கட்டி நீட்டினேன். "கவர் இல்லையா?" என்றார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. அந்தப் பை எங்கள் விளைக்கும் வாய்க்காலுக்கும்தான் பறந்து வந்து விழுகிறது, பொறுக்குவதும் நாங்கள்தான். இத்தனை பெரிய காருக்குள் ஒரு துணிப்பையை மடித்து வைக்க இடமில்லாமல் போய்விட்டதா?