வீல் ஆஃப் டைம் தொடரைக் கொன்றது நாங்களாம்

ராபர்ட் ஜோர்டனின் பதினாலு பாகக் கற்பனை நாவல் வரிசையை அமேசான் எடுத்த தொடர்தான் வீல் ஆஃப் டைம். அது நின்றுபோனது பற்றி நேற்று ராத்திரி நாலு பேர் பேசிய அந்த லைவைப் பார்த்தவர்களுக்கு நான் எதற்காக இதை எழுதுகிறேன் என்று தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. பேசியவரோடு எனக்குப் பத்து வருடப் பழக்கம். அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் "அந்தத் தொடரைக் கொன்னதே புத்தகம் படிச்சவங்கதான்" என்று அவர் சொன்னதும், கூட இருந்த மூன்று பேரும் அதற்குச் சிரித்ததும் என்னைத் தூங்க விடவில்லை. காலையில் பார்த்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் பகிர்ந்திருக்கிறார்கள், அதில் ஒருவர் என்னை டேக்கும் செய்திருக்கிறார். கூப்பிட்டாகிவிட்டது, வந்துவிட்டேன். கேளுங்கள்.

புத்தகம் படித்தவர்கள் பயந்தோம். ஆமாம், முதல் ட்ரெய்லர் வந்த நாளிலிருந்து பயந்தோம். பயந்துகொண்டே பார்த்தோம். 2021 நவம்பரில் முதல் எபிசோட் வந்த அன்றைக்கே பார்த்தோம், 2023இல் இரண்டாவது சீசன் வரும்வரை காத்திருந்து பார்த்தோம், 2025 மார்ச்சில் மூன்றாவது வந்தபோதும் பார்த்தோம். மொத்தம் 24 எபிசோட். அப்படிப் பார்த்தவர்களைப் பிடித்து நீங்கள்தான் கொன்றீர்கள் என்றால் எப்படி? 2025 மே மாதம் தொடரை நிறுத்தியது அமேசான். செலவுக்கும் பார்க்கிறவர்கள் எண்ணிக்கைக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்றுதான் அப்போது செய்திகளில் வந்தது. அந்த முடிவை எடுத்த அறையில் நானும் இல்லை, எங்கள் வாட்ஸப் குழுவில் இருக்கும் பதினோரு பேரும் இல்லை.

ஏன் பயந்தோம் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? நேற்று நாலு பேர் ஒன்றரை மணி நேரம் பேசினீர்கள், ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் எஃப்எக்ஸ்எக்ஸ் என்ற சேனலில், இரவு ஒன்றரை மணிக்கு, இந்த வரிசையின் முதல் புத்தகத்தில் வரும் முன்கதைப் பகுதியை வைத்து ஒரு அரைமணி நேரப் படம் ஓடியது. விளம்பரம் கிடையாது, முன்னறிவிப்பு கிடையாது. படமாக்கும் உரிமை கையை விட்டுப் போய்விடாமல் இருக்க அவசரமாக எடுத்தது என்றுதான் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். இதை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007லேயே போய்விட்டார். அவருடைய மனைவி ஹாரியட் மெக்டூகல், அந்தப் புத்தகங்களுக்கு எடிட்டராக இருந்தவர், இப்படி ஒன்று எடுத்ததே தனக்குத் தெரியாது என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஒரு மனிதர் தன் ஆயுளைப் போட்டு எழுதியதை நடுராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஒளிபரப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்தவர்கள் அடுத்த அறிவிப்பு வந்ததும் கை தட்டிக்கொண்டு ஓடிவர வேண்டுமா?

இது ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை. உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ என்ற கற்பனைக் கதை வரிசையில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்த உலகத்தில் பெரும்பாலானவர்கள் வெள்ளையர்கள் கிடையாது, அதை அவர் யோசித்துத்தான் எழுதினார். 2004இல் அதைத் தொலைக்காட்சிக்கு எடுத்தபோது கெட்டை ஒரு வெள்ளைக்காரப் பையனாக மாற்றிவிட்டார்கள். அந்த அம்மா அப்போது உயிரோடு இருந்தார். இது என் கதை இல்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். 2007இல் பிலிப் புல்மனின் நாவல் வரிசையை வைத்து எடுத்த கோல்டன் காம்பஸ் படத்தில் முதல் புத்தகத்தின் முடிவையே வெட்டிவிட்டு, அதை அடுத்த பாகத்தில் காட்டலாம் என்றார்கள். அடுத்த பாகம் வரவே இல்லை. கேம் ஆஃப் த்ரோன்ஸ் 2019இல் எப்படி முடிந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்று சிரித்த அதே ஆள் அன்றைக்கு என்ன பதிவு போட்டார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு வாரம் கோபமாக இருந்தார். அவர் கோபம் மட்டும் ரசனை, எங்களுடையது புலம்பலா?

கொஞ்சம் என் கதையைச் சொல்கிறேன். திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அக்கா வீல் ஆஃப் டைம் முதல் பாகத்தை வாங்கி வந்தாள். 2004. அட்டை பாதி இல்லை, எண்ணூறு பக்கம் இருக்கும். அவள் காலேஜில், நான் பிளஸ் ஒன்னில். யார் முதலில் படிப்பது என்று மூன்று நாள் சண்டை. கடைசியில் அவளே அரிவாள்மனையில் வைத்து முதுகோடு இரண்டாகப் பிளந்துவிட்டாள். அம்மா பார்த்துவிட்டார். சரஸ்வதியை யாராவது வெட்டுவார்களா என்று ஆரம்பித்து அன்று இரவு சாப்பாடு வரைக்கும் திட்டு. அக்கா முன்பாதியைப் படிப்பாள், நான் அவள் முடித்த முன்பாதியை வாங்குவேன், அவள் பின்பாதிக்குப் போவாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்பதால் நான் அவள் முகத்தைப் பார்த்தே அடுத்து யார் சாகப்போகிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன்.

2007 செப்டம்பரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஜோர்டன் இறந்த செய்தியைப் படித்தேன். இதயத்தைத் தாக்கும் அமிலாய்டோசிஸ் என்ற அபூர்வ நோய், வயது 58. பதினோரு புத்தகம் வந்திருந்தது, முடிவு வரவில்லை. அக்காவுக்கு போன் செய்தேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து, ஹாரியட் தேர்ந்தெடுத்த பிராண்டன் சாண்டர்சன் இன்னும் மூன்று புத்தகம் எழுதி முடித்தது 2013 ஜனவரியில். அதாவது எங்களுக்குக் கதையின் முடிவு கிடைக்க ஒன்பது வருடம் ஆனது. காத்திருக்கத் தெரியாதவர்கள் என்று எங்களைச் சொல்லாதீர்கள்.

சரி, கதையின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவனான பெர்ரினுக்கு வருகிறேன். நேற்று ரொம்பச் சிரித்தது இதற்குத்தான். "ஒரு கேரக்டருக்குப் பொண்டாட்டி வச்சுட்டாங்கன்னு ஒரு கூட்டமே அழுதுச்சு" என்றார்.

புத்தகத்தில் பெர்ரின் கொல்லனிடம் தொழில் கற்கும் பையன். கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயதிலேயே உடம்பு பெரிது, தன் கை பட்டால் மற்றவர்களுக்கு அடிபடும் என்று தெரிந்து, நிதானமாக நடக்கவும் நிதானமாகப் பேசவும் பழகியவன். அவன் மென்மை அவனே பழகிக்கொண்டது. அப்படிப்பட்டவன் கையில் கோடரி வருகிறது. பத்தாவது புத்தகத்தில்தான் அந்தக் கோடரியை விட்டு விலகுகிறான், பதின்மூன்றாவதில் தனக்கான சுத்தியலைத் தானே அடித்து எடுக்கிறான். பல்லாயிரம் பக்கங்களுக்கு ஓடும் ஒரு கேள்வி அது: பலம் உள்ளவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதை எழுதியவர் வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவர். அவர் அந்தக் கேள்வியைச் சும்மா எழுதியிருப்பார் என்று நான் நம்ப மாட்டேன்.

தொடரில் முதல் எபிசோடிலேயே அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்து, சண்டையின் குழப்பத்தில் அவன் கையாலேயே அவளைச் சாகடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அது குற்றவுணர்ச்சி. அவன் குணமாக இருந்தது காயமாகிவிட்டது. அந்தப் பெண்ணும் சாவதற்காக மட்டுமே படைக்கப்பட்டாள், அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இல்லை. இதைச் சொன்னால் பொண்டாட்டிக்கு அழுதவர்கள் ஆகிவிடுவோமா? கதையை முடித்துக் கொடுத்த சாண்டர்சனே இந்த மாற்றத்தோடு தனக்கு உடன்பாடு இல்லை என்று சொல்லியிருக்கிறார். அவரும் தொடரைக் கொன்றவர் பட்டியலில் உண்டா?

அக்கா இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, போனில் பேசிக்கொண்டே பார்த்தோம். அந்தக் காட்சி வந்ததும் "இது நம்ம பெர்ரின் இல்லடி" என்றாள். முதல் சீசனை எப்படியோ முடித்தாள், இரண்டாவதைத் தொடவில்லை. யாரையும் திட்டவில்லை, எங்கேயும் போய் ஒரு ஸ்டார் போடவில்லை, பேசாமல் விலகிவிட்டாள். உடனே, பார்த்தீர்களா உங்கள் அக்காவே விட்டுப் போனார்களே என்று யாராவது கீழே எழுதுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அவள் திரும்பி வந்த கதையும் இருக்கிறது.

"சினிமா வேற மீடியம், புத்தகத்தை வரிக்கு வரி எடுக்க முடியாது" என்பது எப்போதும் வரும் பாடம். எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். பதினாலு தடித்தடி புத்தகத்தை எட்டு எட்டு எபிசோடாக அப்படியே எடுக்க முடியாது என்று அந்தப் பதினாலையும் தூக்கிப் படித்தவர்களுக்குத் தெரியாதா? லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படங்களில் டாம் பாம்படில் என்ற பாத்திரமே இல்லை. ஃபாராமிர் என்ற பாத்திரத்தின் குணத்தை மாற்றினார்கள், அந்த மாற்றம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. கடைசியில் நாயகர்கள் திரும்பிவந்து தங்கள் ஊரையே மீட்க வேண்டியிருக்கும் பகுதி முழுசாகக் கிடையாது. இருந்தும் அந்த மூன்று படங்களையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். ஃப்ரோடோவும் சாமும் அங்கே அவர்களாகவே இருக்கிறார்கள், எனக்கு அது போதும். எர்த்சீயை 2006இல் ஜப்பானின் ஜிப்ளி ஸ்டூடியோ அனிமேஷனாக எடுத்தபோது லெ குவின் அந்த இயக்குநரிடம், இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம் என்று சொன்னாராம். அந்தப் பெருந்தன்மை எங்களுக்கும் உண்டு. மாற்றாதீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள் என்கிறோம்.

நடிகர்களின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு அசிங்கமாகப் பேசிய கூட்டமும் இருந்தது. இருந்தது, மறுக்கவில்லை. அவர்கள் வேறு, நாங்கள் வேறு. எங்கள் குழுவில் அப்படி ஒருவர் பேசினார், அன்றைக்கே வெளியேற்றினோம். அந்தக் குப்பையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கொட்டாதீர்கள். கொரோனாவால் முதல் சீசன் படப்பிடிப்பு நின்றது, மாட் என்ற முக்கிய வேடத்தில் நடித்தவர் பாதியில் விலகினார், கடைசி எபிசோட்களை அவசரமாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. அதெல்லாம் தெரியும், அதற்காகத்தான் இரண்டாவது வாய்ப்பு கொடுத்தோம்.

அந்த வாய்ப்பு வீண் போகவில்லை. மூன்றாவது சீசனின் நான்காவது எபிசோட். கதையின் நாயகன் ராண்ட், ருயிடியன் நகரத்துக்குள் போகிறான். கண்ணாடித் தூண்களுக்கு நடுவில் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் காலத்தில் பின்னோக்கி, தன் முன்னோர்களின் கண் வழியாகப் பார்க்கிறான். ஈட்டி பிடித்தே வாழும் ஐயீல் மக்கள், ஒரு காலத்தில் ஆயுதத்தைத் தொடவே மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்களின் வாரிசுகள் என்று தெரிகிறது. இருபது வருடமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த இடம் அது. அந்த முன்னோர்கள் எல்லாருக்கும் ஒரே நடிகர், ராண்டாக வரும் ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கி. புத்தகத்தில் அப்படி ஒரு யோசனைக்கு இடமே இல்லை, திரையில்தான் அது முடியும். நாங்கள் கேட்டது இதைத்தான். இதை மட்டும்தான்.

அக்காவுக்கு போன் செய்து கெஞ்சினேன். நீ எதுவும் பார்த்திருக்க வேண்டாம், இந்த ஒன்றை மட்டும் பார் என்றேன். பார்த்தாள். அரைமணி கழித்து அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ், அதில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான். அந்த வாரமே முன்னால் விட்டதையெல்லாம் உட்கார்ந்து பார்த்து முடித்தாள். அது ஏப்ரல். மே மாதம் தொடர் நின்றது.

புரிகிறதா உங்களுக்கு? விலகிப் போனவளை நான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். நம்பு, இனிமேல் நன்றாகத்தான் போகும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். எங்களைப் போல எத்தனை பேர் எத்தனை வீடுகளில் அந்த மாதம் இப்படிப் பேசியிருப்பார்கள்! கதை கை கூடி வந்த நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, வாசலில் நின்றவர்கள்மேல் பழி. இனி அடுத்த அறிவிப்பு வரும்போது நாங்கள் எந்த நம்பிக்கையில் நாற்காலியில் உட்காருவது? ஹாரி பாட்டரை மறுபடி முதலிலிருந்து தொடராக எடுக்கிறார்கள். ஏழு புத்தகமும் முடியும் என்று யார் எனக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்?

நேற்று கடைசியில் நீங்கள் சொன்னீர்கள், "அதான் புத்தகம் இருக்கே, போய்ப் படிச்சுக்கோங்க" என்று. அந்த வார்த்தைதான் எல்லாவற்றையும்விட வலித்தது. எனக்குப் புத்தகம் இருக்கிறது. முடிவு எனக்கு 2013லேயே தெரியும். அம்மாவுக்கு?

சரஸ்வதியை வெட்டுகிறாயா என்று கேட்ட அதே அம்மா. எழுபது வயதாகிறது, ஆங்கிலம் படிக்க வராது. தமிழ் டப்பிங்கில் மூன்று சீசனும் பார்த்தார். காலம் சக்கரமாகச் சுற்றும், யுகம் போய்த் திரும்ப வரும் என்று எங்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது, அவர் "இதுல என்ன இருக்கு, அதான் தெரிஞ்சதுதானே" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மந்திர சக்தி உள்ள மொய்ரைன் திரையில் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். நான்காவது சீசன் எப்போது என்று ஒரு வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நின்றுவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்காதான் சொன்னாள்.

இப்போது தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா மஸ்கட்டிலிருந்து கூப்பிடுகிறாள். தொடர் விட்ட இடத்திலிருந்து கதையைத் தமிழில் சொல்கிறாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறார். ஐந்தாவது புத்தகத்தில் பாதி வந்திருக்கிறார்கள். பெர்ரின் அதில் வரவே மாட்டான், நேற்று அம்மா அதற்கும் அக்காவைத் திட்டினார்.