சிகரெட்டைத் தப்பவிடும் 'மனக்கவலை'க் கதை

"நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் சிகரெட் அல்ல, மன அழுத்தமே, லண்டன் பேராசிரியர் நிரூபித்துவிட்டார்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அந்தப் பேராசிரியர், உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க். ரொனால்ட் கிராசார்த் மாட்டிசெக் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, மனத்தையும் நோயையும் இணைத்து அவர் எழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தக்கவை அல்ல என்று 2019இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணையே சொல்லிவிட்டது. புகையிலை நிறுவனங்களிடம் அவர் பணம் பெற்றதும் பதிவாகியிருக்கிறது. வியப்பென்ன!

ஐரோப்பாவில் சுமார் 1,16,000 பேரின் தரவுகளை அலசி 2013இல் வெளியான ஆய்வு, வேலை அழுத்தத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காணவில்லை. சில ஆய்வுகள் தொடர்பு காட்டுகின்றன. ஆனால் அழுத்தத்தில் இருப்பவர்கள் கூடுதலாகப் புகைக்கிறார்கள், அந்தப் பாதிப்பை முழுதாகப் பிரித்தெடுப்பது கடினம். புகைக்காதவருக்கு இந்நோய் வந்தால் "கவலைப்பட்டே வரவழைத்துக்கொண்டார்" என்பதும் அநியாயம். நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க ரேடான் வாயு, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), காற்று மாசு ஆகியவை உறுதியான காரணிகள்.