இருபது நிமிடம் தனியாக உட்காரத் தலைவலி வர வேண்டுமா?

சென்ற வைகாசியில் கும்பகோணத்தில் பெரியம்மா மகளுக்குத் திருமணம். முதல் நாள் காலையிலேயே போய் இறங்கி, தாம்பூலப் பை போடுவதிலிருந்து வாசலில் நின்று சந்தனமும் கற்கண்டும் கொடுத்து வரவேற்பது வரை எல்லா வேலைகளையும் முகம் சுளிக்காமல் செய்தேன். இரவு எட்டரை மணிக்கு, இன்னிசைக் குழுவின் ஒலிபெருக்கி நெஞ்சுக்கூட்டையே அதிர வைத்துக்கொண்டிருந்தபோது, மண்டபத்தின் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அந்த இருபது நிமிடத்திற்குள் மூன்று பேர் தேடி வந்துவிட்டார்கள். "யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?" என்றார் சித்தி. "மனசுல எதையோ வச்சிக்கிட்டு மறைக்கிறா" என்று என் முகத்துக்கு நேராகவே தீர்ப்பு எழுதினார் அத்தை. மறுநாள் முகூர்த்தத்திற்குள், வயதில் இளையவளுக்கு முதலில் கல்யாணம் ஆகிறதே என்ற ஏக்கத்தில் நான் மாடியில் அழுதுகொண்டிருந்ததாகக் கதை முழு வடிவம் பெற்றுப் பந்தி பந்தியாகப் பரிமாறப்பட்டுவிட்டது. மறுத்தால் ஏக்கம் உறுதியாகிறது. பேசாமல் இருந்தால் உம்மணாமூஞ்சி. இதில் எந்தப் பக்கம் போவது?

இதே உறவினர்கள்தான், வேறொரு விசேஷத்தில் நான் தலைவலி என்று பொய் சொல்லி நெற்றியில் அமிர்தாஞ்சனம் தடவிக்கொண்டபோது, விளக்கை அணைத்து, குழந்தைகளை விரட்டி, சூடாகக் காப்பியும் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஓசைப்படாமல் போனார்கள். (1893இல் பம்பாயில் பிறந்த அந்தத் தைலத்தைத் தொடக்கத்தில் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பரப்பினார்கள் என்பார்கள், கூட்டத்திற்கும் தலைவலிக்கும் உள்ள உறவை அறிந்த மகான்கள்.) நோயாளிக்குத் தனிமை உண்டு, நன்றாக இருப்பவளுக்குக் கிடையாது என்பது என்ன நியாயம்? நாற்பது வயதை நெருங்கும் ஒருத்தி, சற்று நேரம் வாய்மூடி இருப்பதற்காகப் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நடிக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மனம் உள்நோக்கித் திரும்பும் அகமுகி, வெளியுலகை நோக்கித் திரும்பும் புறமுகி என்று நாம் இன்று சொல்லும் பாகுபாட்டை 1921இல் விரிவாக எழுதிப் பரவச் செய்தவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் யுங். ஒவ்வொருவருக்குள்ளும் இரண்டு போக்குகளும் இருக்கின்றன, எது மேலோங்குகிறது என்பதில்தான் வேறுபாடு என்பது அவர் கருத்து. மனைவி, ஐந்து குழந்தைகள், ஓயாத நோயாளிகள் என்று வாழ்ந்த அந்த மனிதர், 1923 முதல் சூரிச் ஏரிக்கரையில் மின்சாரம்கூட இல்லாத ஒரு கல் கோபுரத்தைக் கட்டிக்கொண்டு அவ்வப்போது அங்கே போய்த் தங்கினார். நான் கோபுரமா கேட்டேன்? தண்ணீர்த் தொட்டியின் நிழலைத்தானே கேட்டேன்!

எனக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணத்திற்கு மறுநாள் விடியற்காலையில், பாதி வீடு தூங்கிக்கொண்டிருக்க, கொல்லைப்புறத்தில் பெரியம்மாவோடு உட்கார்ந்து மிஞ்சிய பூவைத் தொடுத்துக்கொண்டே பேசிய ஒரு மணி நேரத்திற்காகவே நான் மறுபடியும் கும்பகோணத்திற்குப் பேருந்து ஏறுவேன். கூச்சமும் எனக்குக் கிடையாது. அலுவலகத்தில் அறுபது பேர் முன்னால் தயங்காமல் பேசுகிறேன். பேசி முடித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால், மறுபடியும் பேச எனக்குத் தெம்பு வந்துவிடும். அந்த இடைவேளையைக் கொடுத்திருந்தால் இரவு இரண்டு மணி வரை அவர்களோடு சீட்டாடியிருப்பேன். கொடுக்காததால் இப்போது பாதி விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். அதற்கும் "அவ யாரோடயும் ஒட்ட மாட்டா" என்ற பட்டம் வந்து சேர்ந்துவிட்டது.

வரும் ஆவணியில் சித்தப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா. தட்டிக்கழிக்க முடியாது, இரண்டு நாள் தங்க வேண்டும். மொட்டை மாடியில் பந்தல் போட்டு அங்கேயே பந்தி நடத்தப் போகிறார்களாம். தைலப் புட்டி ஒன்று வாங்கி இப்போதே பையில் வைத்துவிட்டேன்.