எதுகை தேடுகிறவர்களுக்கு மூளை இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒருவர், பாட்டில் எதுகை (இரண்டாம் எழுத்து ஒத்து வரும் சொல்) தேடுகிறவர்களைக் கிண்டல் செய்து பேசினார். அதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பேச்சை வெட்டி ஒட்டிய காணொளியை இன்று காலை என் தங்கை மகனே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பெரியம்மா, இவர் சொல்றது உங்க பாட்டைத்தானே?" என்று கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஆமாம், என் பாட்டைத்தான். பெயரைச் சொல்லவில்லை, அதனால் அது என்னைப் பற்றியது இல்லை என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். வரியைச் சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாதா? "எதுகை மோனை தேடுகிறவர்கள் கவிஞர்கள் இல்லை, குறுக்கெழுத்துப் போட்டி ஆடுகிறவர்கள்" என்றார். அரங்கம் சிரித்தது. நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சரி, அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். ஒரு குறும்படத்துக்குத் தாலாட்டு கேட்டார்கள். மெட்டு முதலில் வந்துவிட்டது. இசையமைத்த தம்பி சொல் இல்லாமல் 'தன்னன்னா' என்று மெட்டை மட்டும் பாடும் தத்தகாரம் போட்டு அலைபேசியில் அனுப்பியிருந்தார். வேலைக்குக் கிளம்பும் அம்மா, தூங்காத பிள்ளை. 'தொட்டில் கயிறு தானா ஆடுது' என்று முதல் வரி வந்துவிட்டது. அடுத்த வரிக்கு நிலா, நட்சத்திரம், கண்ணே மணியே எல்லாம் வரிசையில் நின்றன. எல்லோர் தாலாட்டிலும் வருகிறவை. எனக்குத் தொட்டிலுக்கு எதுகை வேண்டும். கட்டில், வட்டில், மெட்டி, சிட்டு, மொட்டு என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டே அடுப்படியில் நின்றிருந்தேன். அப்போதுதான் கொட்டில் வந்தது. கொட்டில் வந்ததும் பசு வந்தது. பசு வந்ததும், கன்றைப் பிரித்துக் கட்டிய இரவில் அது கத்துகிற சத்தம் வந்தது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

தொட்டில் கயிறு தானா ஆடுது
கொட்டில் பசுவும் கன்னைத் தேடுது

பிள்ளையை விட்டுப் போகிற அம்மாவைப் பற்றி இதில் ஒரு சொல் கூட இல்லை. ஆனால் கேட்கிறவர்களுக்குப் புரிந்தது. இயக்குநர் ஒரு மாட்டுக்கொட்டிலைத் தேடிப் போய் அந்தக் காட்சியைத் தனியாக எடுத்தார். அந்தப் பசு என் சிந்தனையிலேயே இல்லை. எதுகை தேடியதால் வந்தது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எதுகை தேடும்போதுதான் பலருக்கும் யோசனையே பிறக்கிறது. முதலில் தோன்றும் சொல்லோடு நிற்க விடாமல் அது நம்மைத் தள்ளிக்கொண்டு போகிறது.

பண்டிதர்களின் விளையாட்டு என்றும் மேடையில் பேசியவர் ஒரு வார்த்தை சொன்னார். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று சொன்னவர் எந்தப் பண்டிதர்? 'அடியாத மாடு படியாது' என்றவர் யாப்பருங்கலக்காரிகை என்ற செய்யுள் இலக்கண நூலைப் படித்தவரா? ஆடி, தேடி. அடி, படி. ஏர் பிடித்தவர்களின் வாயில் எதுகை இருந்திருக்கிறது. முதல் குறளைச் சொல்லிப் பாருங்கள்: அகர, பகவன். எழுதத் தெரியாதவர்களும் நினைவில் வைத்திருக்க இந்த ஓசைதான் பிடிமானம். தொல்காப்பியம் இலக்கணம் சொல்வதற்கு முன்பே மக்கள் நாவில் இது இருந்திருக்கும் என்பதுதான் என் எண்ணம்.

இன்னொன்று. இவர்கள் கிண்டல் செய்வது எதுகையை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவர்கள் கடுப்பாவது இயைபைக் கேட்டு. வந்தாய், சென்றாய், நின்றாய், வென்றாய் என்று வரிக் கடைசியில் அடுக்குவது. அது எனக்கும் பிடிக்காது. தமிழில் விகுதி கடைசியில் ஒட்டுவதால் அந்த ஒற்றுமை உழைக்காமலே கிடைத்துவிடும். எதுகை அப்படி இல்லை. சொல்லின் தலைப்பக்கத்தில், இரண்டாம் எழுத்தில் பொருந்த வேண்டும். அங்கே இருப்பது பகுதி, பொருளின் வேர். அதோடு முதல் எழுத்தின் அளவும் ஒத்துப்போக வேண்டும். பட்டுக்குப் பாட்டு எதுகை ஆகாது. ஒன்று குறில், ஒன்று நெடில். பட்டுக்கு மொட்டு வரும், சிட்டு வரும். பாட்டுக்குக் கூட்டு வரும், ஏட்டு வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் மேடையில் ஏறி எதுகையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"புதுக்கவிதை வந்து எவ்வளவு காலம் ஆகிறது, இன்னுமா?" என்று கேட்பீர்கள். தெரியும். புதுக்கவிதையை வளர்த்த 'எழுத்து' இதழ் 1959-இல் தொடங்கியது. நானும் புதுக்கவிதை படித்து வளர்ந்தவள்தான்; அதில் யாரும் எதுகை கேட்கவில்லை. பாரதி வசன கவிதையும் எழுதினார், சந்தம் துள்ளும் பாட்டும் எழுதினார். ஒன்றை எழுத இன்னொன்றை அவர் கேவலப்படுத்தவில்லை. பாட்டு என்பது காதுக்கு. பேருந்தில் போகிறவருக்கு ஒரு முறைதான் கேட்கும். அவர் திருப்பிப் படிக்க முடியாது.

எதுகைக்காகக் கருத்தைக் கொல்கிறார்களே என்றால், கொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எதுகை இல்லாமலும் கொல்கிறார்கள். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

"இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் நூறு சொல் தருமே, உங்களுக்கு என்ன வேலை?" இதுதான் காணொளிக்குக் கீழே அதிகம் வந்த கேள்வி. அம்மா, ஐயா, பட்டியல் எப்போதும் இருந்திருக்கிறது! பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. வீரமாமுனிவர் 1732-இல் செய்த சதுரகராதியில் நான்காவது பகுதியின் பெயரே தொடையகராதி. எதுகை தேடுகிறவர்களுக்காகவே ஒரு பகுதி. இத்தாலியிலிருந்து வந்த ஒருவர், தமிழில் பாட்டுக் கட்டுகிறவருக்கு எது தேவை என்று புரிந்துகொண்டு உட்கார்ந்து தொகுத்திருக்கிறார். அந்தப் பட்டியல் வந்ததால் கவிஞர்களுக்கு வேலை போய்விட்டதா? தொட்டிலுக்குக் கொட்டில் என்று எந்தப் பட்டியலும் தரும். கன்றைப் பிரித்த இரவை அது தராது. அதை அந்தச் சொல்லோடு வாழ்ந்தவர்தான் தர வேண்டும்.

ஆனால் அந்த உழைப்புக்கு என்ன மரியாதை? வேறொரு குறும்படத்துக்கு எழுதினேன். யூடியூபில் ஏறியபோது இசை, குரல், ஒலிப்பதிவு, படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தவர் வரை பெயர் இருந்தது. பாடல் வரிகள் என்று ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, "சின்னப் பாட்டுதானே அக்கா" என்றார்கள். பாடுகிற செயலியைத் திறந்து பாருங்கள், எழுதியவர் பெயரை எங்கே போய்த் தேட வேண்டியிருக்கிறது என்று. சொல் இல்லாமல் எப்படிப் பாடுவார்கள்? ஒரு சொல்லுக்காக இரண்டு இரவு புரண்டு படுத்தவரைப் பார்த்து, சும்மா கட்டம் நிரப்பினாய் என்று மேடையில் சொன்னால் வலிக்காதா? வலிக்கிறது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

கூட்டம் நடத்தியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மன்னிப்பு வேண்டாம், விளக்கமும் வேண்டாம். பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு தம்பி எழுந்து, "அந்தத் தொட்டில் வரியில் எது தப்பு, சொல்லுங்கள்" என்று கேட்டார். பேசியவர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நீங்கள் போட்ட காணொளியில் அந்தப் பகுதி மட்டும் இல்லை. அதையும் சேர்த்துப் போடுங்கள்.