போர்டோ என்றால் என்னவென்று என் சித்தப்பாவுக்குத் தெரியும்

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அந்த வீடியோவை உங்களில் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். சிலர் எனக்கே அனுப்பி "இது உங்க சித்தப்பாதானே?" என்றும் கேட்டீர்கள். ஆமாம், அவரேதான். சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் இந்திராநகரில், ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ருசிபார்க்கும் அந்த டேஸ்டிங் ரூமுக்கு அவரைக் கூட்டிப்போனதும் நான்தான். கடையின் பெயரை எழுத மாட்டேன். இன்பாக்ஸிலும் கேட்காதீர்கள்.

வீடியோவில் இருப்பது இருபது நொடி. ஊற்றிக் கொடுக்கும் பையன், மூன்றாவது ஒயின் பிரான்சின் போர்டோ பாணியில் செய்தது, கேபர்னே, மெர்லோ என்ற இரண்டு திராட்சையும் கலந்தது என்கிறான். சித்தப்பா முகம் மலர்ந்து, "போர்டோவா? முப்பது வருஷம் அடிச்சிருக்கேனே!" என்கிறார். பக்கத்து மேசை வெடித்துச் சிரிக்கிறது. அதோடு வீடியோ முடிகிறது. மேலே எழுதியிருப்பது: "அங்கிள் 30 வருஷமா போர்டோ அடிக்கிறாராம்".

அவர் சொன்னது குடித்ததை இல்லை. மருந்து அடித்ததை.

திராட்சைத் தோட்டத்தில் ஒருநாள் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் போர்டோ கலவை என்றால் என்னவென்று சொல்வார்கள். ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து அப்புறம் கலக்க வேண்டும். கலந்ததும் பளபளவென்ற இரும்புக் கத்தி ஒன்றை அதில் முக்கிப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். மழைக்காலத்தில் அடிச்சாம்பல் என்ற இலைநோயிலிருந்து கொடியைக் காப்பாற்றியது இந்த நீலத் தண்ணீர்தான்.

அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? சித்தப்பா சொன்ன போர்டோவும் அந்தப் பையன் சொன்ன போர்டோவும் ஒரே ஊர். 1880களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை இந்த நோய் அழித்துக்கொண்டிருந்தது. அங்கே சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க விவசாயிகள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் இருப்பதை போர்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மில்லார்தே 1882-இல் கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885-இல் முறையை வெளியிட்டார். அந்த மேசையில் இருந்தவர்கள் கொண்டாடும் போர்டோ ஒயின் பிழைத்துக் கிடப்பதில் சித்தப்பா அடித்த கலவைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அறையில் போர்டோவைக் கையால் தொட்டவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னது சரி. இதை இன்னும் பத்து தடவை சொல்லவும் எனக்கு அலுப்பில்லை.

சித்தப்பா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் தொட்டபள்ளாப்பூருக்கு வேலைக்கு வந்தவர். பெங்களூர் நீலம் என்ற திராட்சையைப் பந்தலில் ஏற்றி வளர்க்கும் தோட்டங்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பழம்தான். கவாத்து, மருந்து, காய் கழிப்பு, அறுவடை, மறுபடி கவாத்து என்று வருஷத்துக்கு இரண்டு மகசூல். அண்ணாந்து அண்ணாந்து வேலை செய்தே கழுத்து போய்விட்டது, இப்போதும் இடது பக்கம் முழுசாகத் திரும்பாது. நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் என்ற ஒயின் கம்பெனியின் தோட்டம் வந்தபோது, அங்கே கொடிகளைக் கம்பியில் வேலி மாதிரி கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சைக்கிளில் போய் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாராம். அந்தத் தோட்டத்துப் பழத்திலிருந்து வந்த ஒயினை ஒருநாள் அவர் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அதற்காகத்தான் போனோம்.

எனக்கு இந்த இடங்கள் பிடிக்கும். காக்ஸ் டவுனிலிருந்து கிளம்பி, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு பேட்டையில் ஒரு ஒயின் பார் என்று நானும் என் தோழியும் ஆறு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். ரிச்மண்ட் டவுன், சர்ச் தெரு, கோரமங்கலா. ஐந்து கிளாஸ், ஒவ்வொன்றிலும் ஒரு முப்பது மில்லி, ஒரு தட்டு சீஸ், இரண்டு மணி நேரப் பேச்சு. நல்ல இடங்கள் இருக்கின்றன, சொல்லிக் கொடுக்கத் தெரிந்த நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் உங்களைப் பேச விடுவார்கள். "என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

ஆனால் என் முதல் வருஷம் எப்படிப் போனது என்று எனக்கு மறக்கவில்லை. "பிளாக் கரண்ட் வருதா மேடம்?" என்பார்கள். வருகிறது என்று தலையாட்டுவேன். அந்தப் பழத்தை நான் கண்ணால் கண்டதில்லை. ஐஸ்கிரீமில் அந்தப் பெயர் உண்டு, பேக்கரியில் உலர்ந்த கறுப்புத் திராட்சையை அந்தப் பெயரில் விற்பார்கள், அவ்வளவுதான் என் அறிமுகம். அமெரிக்காவிலேயே அந்தச் செடி பைன் மரங்களுக்கு நோய் பரப்புகிறது என்று பல பத்தாண்டுகள் வளர்க்கத் தடை இருந்தது, அங்கேயும் நிறையப் பேர் அதைத் தின்றதில்லை. என் நாக்கு நாவல்பழம் என்று தெளிவாகச் சொன்னது. நான் அதை வெளியே சொல்லாமல் விழுங்கினேன். ஒரு வருஷம் முழுக்க விழுங்கினேன்.

சித்தப்பா விழுங்கவில்லை. முதல் கிளாஸிலேயே "நாவப்பழம் தின்னா நாக்கு இழுக்குமே, அது" என்றார். நம்மிடம் துவர்ப்பு என்று ஒரு சுவையே இருக்கிறது, ஆறில் ஒன்று. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் என்ற பொருள் செய்கிற வேலை அது. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் வந்ததும் முகர்ந்து பார்த்து "ரச வாசம் வருதும்மா" என்றார். அதற்கும் சிரிப்பு. ஷிராஸில் மிளகு வாசனை தருவது ரோட்டண்டோன் என்ற பொருள் என்று 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மிளகுக்கு மிளகு வாசனை தருவதும் அதே பொருள்தான். மிளகு ரசம் வைக்கிற வீட்டிலிருந்து வந்தவர் ரசம் என்றார். இதில் எது தப்பு?

"ஒயினுக்கென்று ஒரு மொழி இருக்கிறது, அதைக் கற்றுக்கொண்டு வர வேண்டும்" என்று ஒருவர் எனக்கு நீளமாக எழுதியிருக்கிறார். சரி. அந்த மொழிக்கு அடிப்படையான வாசனைச் சக்கரத்தை, அதாவது ஒயினில் வரும் வாசனைகளை வகைபிரித்து வட்டமாக எழுதிய பட்டியலை, 1980களில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் உருவாக்கினார். பொத்தாம்பொதுவாக அழகு, கம்பீரம் என்று பேசாமல், எல்லோருக்கும் தெரிந்த பொருளின் பெயரைச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் நோக்கம். அவர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை அதில் இருக்கின்றன. சோயா சாஸ் இருக்கிறது. நனைந்த நாய்கூட இருக்கிறது. நனைந்த நாய்க்கு இடமுள்ள மொழியில் ரசத்துக்கு இடமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

"வயசானவரைக் குடிக்கக் கூட்டிப்போனது உன் தப்பு" என்று நிறையப் பேர். இதற்குப் பதில் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. குடியால் அழிந்த வீடு எங்களுடையது. என் அப்பாவை ராத்திரி பதினொரு மணிக்கு ரோட்டிலிருந்து தூக்கிவந்தது இதே சித்தப்பாதான், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. ஒயின் உடம்புக்கு நல்லது என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. பதின்மூன்று சதவீத மதுவும் மதுதான். சித்தப்பா அன்று ஐந்தையும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் துப்பும் வாளியில் ஊற்றினார். வீடியோவில் அது இல்லை. குடியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதீர்கள், தயவுசெய்து.

"சும்மா ஜாலிக்குப் போட்டது, இதுக்குப் போய்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிரித்த மேசையில் இருந்த நாலு பேரும் தமிழர்கள். எனக்குத் தாங்காதது அதுதான். அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது, அவன்மேல் எனக்குக் கோபமில்லை, "போர்டோ ஒரு ஊர் அங்கிள்" என்று மரியாதையாகத்தான் சொன்னான். இவர்களுக்குத் தமிழ் தெரியும். அடிச்சேன் என்றால் மருந்தும் அடிக்கலாம், சரக்கும் அடிக்கலாம். வேட்டி கட்டிய ஒருவர் சொன்னதும் இவர்களுக்கு இரண்டாவதுதான் நினைவுக்கு வந்தது. இந்த ஊரில் இப்படிப்பட்ட கடைக்குள் நுழைந்ததும் நம் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்! அல்சூரில் சத்தமாகத் தமிழ் பேசுகிறவர்கள் இந்திராநகர் நூறடி ரோட்டில் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் வேறு ஆளாகிவிடுவார்கள். சித்தப்பா மாறவில்லை. தோட்டத்தில் பேசுகிற குரலிலேயே பேசினார். சந்தோஷமாக இருந்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனாம்மா? அந்தப் பையன்கிட்ட கத்தி வச்சுப் பாக்கறதச் சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

அந்த மேசையில் இருந்தவர்களில் ஒருவர் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறார் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. உங்களுக்குத்தான் எழுதுகிறேன். சித்தப்பாவிடம் ஸ்மார்ட்போன் இல்லை, ஆனால் அவர் பேரன் பத்தாவது படிக்கிறான், அவனிடம் இருக்கிறது. இதை எழுதும்போதுகூட உங்கள் வீடியோ அங்கேதான் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.