கட்டை தூக்குவது நேற்று வந்த பழக்கம் இல்லை

"காட்டில் உடற்பயிற்சிக்காகக் கட்டை தூக்குவது, பாறை தாண்டுவது எல்லாம் அமெரிக்க ஜிம்காரர்கள் பத்து வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்தது, இயற்கைப் பொருள் என்பதால் அடியே படாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

நூறு வருடத்துக்கு முன்பே இதை ஒரு முறையாக வகுத்தவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர். 1902-இல் மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தபோது மீட்புப் பணியில் இருந்தவர். நடை, ஓட்டம், தாண்டுதல், கைகால் ஊன்றி நகர்தல், ஏறுதல், சமநிலை, எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல் என்று பத்து வகையாகப் பிரித்தார். உடல் வலிமை பிறருக்குப் பயன்பட வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1913-இல் பிரான்சின் ரீம்ஸ் நகரில் இதற்கென்றே தொடங்கப்பட்ட ஒரு கல்லூரிக்கு இயக்குநராக இருந்தார். முதல் உலகப் போர் அதை அழித்துவிட்டது.

அடி படாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஜிம் கம்பிக்கு இரண்டு பக்கமும் ஒரே எடை. விழுந்து கிடக்கும் கட்டைக்கு அப்படி இல்லை; அடிமரப் பக்கம் கனம், நுனி லேசு. தோளில் ஏற்றும்போதே ஒரு பக்கம் இழுக்கும், இடுப்பு திரும்பிவிடும். மழைக்குப் பிறகு பட்டை கையோடு உரிந்து வரும், கட்டை நேராகக் காலில் விழும். அதனால் முதலில் காலால் உருட்டிப் பாருங்கள். அடியில் தேளோ பாம்போ இருந்தாலும் தெரியும். அப்புறம் ஒரு முனையை மட்டும் தூக்கிப் பழகுங்கள். தொங்கப்போகும் கிளை பச்சையா, பட்டதா என்று பார்க்காமல் உடல் எடையைக் கொடுக்காதீர்கள்.